வடக்கு எல்லை வௌவால்கள்: கேள்வி-பதில்

கே: ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வௌவால் உண்டா?

ப: உண்டு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் எப்டெசிகஸ் நில்சோனி என்ற சின்ன வௌவால் இருக்கிறது. எடை பத்துப் பதினைந்து கிராம்தான்.

கே: அங்கே கோடையில் இருட்டே வராதே, எப்போது வேட்டையாடும்?

ப: நள்ளிரவை ஒட்டி, வெளிச்சத்திலேயே. மரநிழலை ஒட்டிப் பறக்கும்.

கே: குளிர் தாங்காததால்தானே வௌவால்கள் இன்னும் வடக்கே போவதில்லை?

ப: குளிரை உறங்கியே கழித்துவிடும். கோடையின் நீளம்தான் இடிக்கிறது. குட்டி பிறந்து, பறக்கப் பழகி, கொழுப்பும் சேர்க்க வேண்டும்; எல்லாம் இலையுதிர் காலம் முடிவதற்குள். பெரிய லாட வௌவால் என்ற இனத்துக்கு இங்கிலாந்தின் தென்மேற்கும் வேல்ஸும்தான் வடக்கு விளிம்பு. அங்கே வசந்தம் குளிர்ந்துபோனால் பிரசவமே ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். வருஷத்துக்கு ஒரே குட்டி.

கே: குளிர்காலத்தில் ஒரு குகையில் வௌவால் தொங்கியது. உயிர் இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன், தொட்டேன், பறந்துவிட்டது. படம் இணைத்துள்ளேன். என்ன இனம்?

ப: படம் மங்கல். எந்த நாடு, எந்த மாதம் என்றுகூட எழுதவில்லை. அதை விடுங்கள், நீங்கள் செய்த காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆழ்ந்து உறங்கும் வௌவாலின் உடம்புச்சூடு குகைச் சுவரின் சூட்டை ஒட்டியே இருக்கும். ரோமத்தில் நீர்த்துளி கோத்து நிற்கும். கோடையில் நிமிஷத்துக்குப் பல நூறு தடவை துடித்த இதயம் பத்து, இருபதுக்கு இறங்கியிருக்கும். அதை எழுப்பினால் நடுங்கி நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்ளும். அந்த ஒரு விழிப்பில் எரியும் கொழுப்பு பல வார உறக்கத்துக்குப் போதும். தானாகவும் அவ்வப்போது விழிக்கும்தான்; சேர்த்த கொழுப்பில் அதற்குக் கணக்கு உண்டு, உங்கள் டார்ச்சுக்கு இல்லை. வடக்கு எல்லையில் உறக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் நீளும். வெளியே பூச்சி கிடையாது. பறந்துபோனதே என்று நிம்மதி அடையாதீர்கள், வசந்தத்துக்கு முன்பே பட்டினியில் சாகலாம். 2006-ல் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் பதிவான வெள்ளை மூக்கு நோயும் இப்படித்தான் கொல்கிறது: பூஞ்சை அடிக்கடி எழுப்பிவிடும், கொழுப்பு தீரும். வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்கள் போயின. அந்தப் பூஞ்சை வித்து பூட்ஸிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகும். குளிர்காலத்தில் உள்ளே போகாதீர்கள். கணக்கெடுப்பை அனுமதி பெற்றவர்கள் செய்துகொள்வார்கள்.

கே: வௌவாலின் ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் டிடெக்டர் செயலி, குல் பிபிஸ்ட்ரெல் என்ற வௌவால் இனம் என்கிறது. எங்கள் ஊருக்குப் புது வரவா?

ப: அந்த இனம் வடக்கே நகர்ந்துவருவது உண்மை. ஆனால் நத்தூசியஸ் பிபிஸ்ட்ரெல் என்ற வேறோர் இனமும் அதைப் போலவே 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் கத்தும். செயலி சொன்னதை மட்டும் வைத்துப் பதிவு செய்ய முடியாது. ஒலிக்கோப்பை அனுப்புங்கள். மறுபடியும் அதேதான்: இடம், தேதி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கே: கீழே விழுந்த குட்டியைக் கையில் எடுக்கலாமா?

ப: வெறும் கையால் கூடாது. 2002-ல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் கையாண்டுவந்த ஒருவர் வௌவால் ரேபிஸால் இறந்தார். தடித்த கையுறை போட்டு, பெட்டியில் வைத்து, வௌவால் மீட்பாளரை அழையுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.