பேஸ்மேக்கர் கம்பெனியில் பணிக்கொடைக் காசைப் போடலாமா?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவருக்கு மெட்ரோனிக் பேஸ்மேக்கர் பொருத்தி, நன்றாக இருக்கிறார். அந்தக் கம்பெனியின் பங்குகளை ஒரு செயலி மூலம் வாங்கித் தருவதாகவும், மாதாமாதம் டொலரில் இலாபம் வரும் என்றும் கிளிநொச்சியில் ஒருவர் சொல்கிறார். பணிக்கொடையில் பத்து இலட்சம் போடலாமா? கனடாவிலுள்ள தங்கையும் உதவத் தயார்.

பதில்: அந்த ஆளிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கம்பெனியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மெட்ரோனிக் தன் பங்குதாரருக்குப் பங்கிலாபம் கொடுப்பது வருடத்துக்கு நான்கு முறை. அண்மைய ஆண்டுகளில் அது பங்கு விலையில் வருடத்துக்கு மூன்று வீதத்தை ஒட்டியே இருக்கிறது. அப்படியிருக்க மாதாமாதம் தருகிறேன் என்பவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? உங்களுக்குப் பிறகு சேரும் ஆளின் காசிலிருந்துதான். 2023 ஆகஸ்டில் முடங்கிய எம்.டி.எஃப்.இ. செயலி நினைவிருக்கும். அது மத்திய வங்கியின் தடைப்பட்டியலில் ஏறிய பிரமிட் திட்டங்களில் ஒன்று. இவர் காட்டும் செயலியில் மெட்ரோனிக் என்ற பெயரும் விலைக்கோடும் ஓடலாம், ஓடட்டும். பங்கு யாருடைய பெயரில், உரிமம் பெற்ற எந்தத் தரகரிடம் பதிவாகிறது என்று கேளுங்கள். "எங்கள் குழுக் கணக்கில், டீச்சர்" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். இப்படி வருபவர் பெரும்பாலும் உங்களிடம் படித்த பிள்ளையாக இருப்பார், இல்லையென்றால் கோயிலில் பழக்கமானவராக இருப்பார். அதனால்தான் மறுக்க வாய் வராது.

சரி, கம்பெனி. 1949இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு கராஜில் தொடங்கியது, 2015 முதல் அயர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வருடந்தோறும் பங்கிலாபத்தைக் கூட்டி வருகிறது. 2025 நிதியாண்டில் விற்பனை 33.5 பில்லியன் டொலர். நான்கு வருடத்துக்கு முன் அது 30.1 பில்லியனாக இருந்தது, ஆகவே வளர்ச்சி மெதுவானதுதான். பங்கு விலை 2021 செப்டெம்பரில் 130 டொலரைத் தாண்டி நின்றது, அடுத்த வருட முடிவில் 80க்கும் கீழே விழுந்தது. உச்சத்தில் வாங்கியவருக்கும் அவர்கள் செய்த பேஸ்மேக்கர் நன்றாகத்தான் துடித்திருக்கும்! கருவி நல்லது என்பதும், அந்த விலைக்குப் பங்கு நல்லது என்பதும் வேறு வேறு விஷயம். 2021 ஜூனில் இதே கம்பெனி தன் இதயப் பம்பு ஒன்றின் விற்பனையைப் பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்த நேர்ந்தது. இந்தத் தொழிலில் அப்படியும் நடக்கும்.

ரூபாயைக் கொண்டு நேர்வழியில் வாங்கலாமா என்றால், 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வங்கி ஊடாகத்தான் முடியும். 2020இலிருந்து கட்டுப்பாடுகள் மாறி மாறி வந்துள்ளன. கிளையில் கேட்டால் யாழ்ப்பாணத்தில் விசாரிக்கச் சொல்வார்கள், அங்கே கொழும்புக்கு எழுதச் சொல்வார்கள். வன்னியில் இருப்பவர் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்க இத்தனை படிகள். செயலிக்காரரோ படலைக்கே வந்து நிற்கிறார்.

தங்கையின் வழி மட்டும் வேறு. அவர் தன் காசில் தன் பெயரில் கனடாவில் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பங்கு அவருடையது, உங்களுடையது அல்ல. வரிக் கணக்கும் அவருடையதே. அவருக்கு ஏதும் நடந்தால் அது அவருடைய கணவர், பிள்ளைகளிடம் போகும். "இதில் பெரியம்மாவின் காசும் இருக்கிறது" என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? எழுதி வைத்தாலும் அங்கே ஒரு சட்டத்தரணியைப் பார்த்து எழுத வேண்டும். நீங்கள் இங்கே அவருடைய மாமியாரிடம் பத்து இலட்சத்தைக் கொடுக்க, அவர் அங்கே டொலரைப் போடுவது என்ற ஏற்பாடும் வேண்டாம். அது உண்டியல், வங்கியைத் தவிர்த்துச் செய்யும் சட்டவிரோதப் பணமாற்று. தன் இலாபத்தில் அவர் விரும்பி வங்கி மூலம் உங்களுக்கு அனுப்பினால், அது அன்பளிப்பு. அதில் குறையில்லை.

பேஸ்மேக்கரின் பற்றரி பொதுவாகப் பத்து வருடத்தை ஒட்டித் தீரும், அப்போது கருவியையே மாற்ற வேண்டும், அதற்கும் காசு தேவைப்படலாம். அடுத்த கிளினிக்கில் இன்னும் எவ்வளவு காலம் என்று கேளுங்கள். அதுவரை பத்து இலட்சமும் உரிமம் பெற்ற வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கட்டும். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்குப் பதினொரு இலட்சம் வரை உண்டு.

ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு இந்த வாரமே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.