வாசகர் கேள்வி – பதில்: அங்கன்வாடிக் கணக்கு யாருக்காக?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது நிறைந்திருக்கிறது. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடையும் உயரமும் பார்த்துக் கைப்பேசியில் பதிகிறார்கள். போன மாதம் "வயதுக்கேற்ற உயரம் இல்லை" என்றார்கள்; இந்த மாதம் "சரியாகிவிட்டது" என்கிறார்கள். இதை எப்படி நம்புவது? இந்தக் கணக்கு எங்கேதான் போகிறது?
– ஒரு தந்தை, பென்னாகரம்

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, மூன்று வயது நிறைந்த பெண் குழந்தை ஏறத்தாழ 87.4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் உயரம் குன்றியவளாகக் கொள்ளப்படுகிறாள். 87 செ.மீ. உயரமுள்ள குழந்தையைச் செருப்போடு நிறுத்தினாலோ, உச்சிக் குடுமியின் மேல் பலகையை இறக்கினாலோ அவள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவாள். அடுத்த முறை தாங்களே உடன் சென்று, செருப்பைக் கழற்றி, குடுமியை அவிழ்த்து, குதிகால் பலகையில் படும்படி நிறுத்தச் சொல்லுங்கள்.

பதியும் எண்கள், 2021-இல் தொடங்கப்பட்ட போஷன் டிராக்கர் செயலி வழியாக வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே செல்கின்றன. எண்ணைக் கொண்டு உடனே செயல்படுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1980-இல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எடை பார்ப்பதும் உணவு கொடுப்பதும் ஒரே ஊரில், ஒரே பணியாளர் கையில் இருந்தன. இன்று எண் மேலே போகும் வேகத்தில் உதவி கீழே வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உயரமும் எடையும் மட்டுமே வளர்ச்சி ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பள்ளியின் முதலாம் ஆண்டுக் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் உடல்நலம், பழகும் திறன், மனமுதிர்ச்சி, மொழி மற்றும் அறிதல், பேச்சும் பொது அறிவும் என ஐந்து துறைகளில் பதிவு செய்கிறார்கள். ஒரு துறையிலேனும் பின்தங்கிய குழந்தைகள் 2009-இல் 23.6 விழுக்காடு; 2021-இல் 22 விழுக்காடு. முடிவுகள் ஊர்வாரியாகவே வெளியாகின்றன. தனிக் குழந்தைக்கு மதிப்பெண் போட அது பயன்படுவதில்லை. பழி சுமக்க வேண்டியது குழந்தையல்ல, ஊரின் ஏற்பாடுகளே என்பது என் கருத்தும்.

ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரம் குன்றியோர் தமிழ்நாட்டில் 27.1 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் குறைந்ததாகத் தேசியக் குடும்ப நல ஆய்வுகளின் நான்காம், ஐந்தாம் சுற்றுகள் கூறுகின்றன. ஆனால் அந்தச் சராசரி தங்கள் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையின் எந்தக் குக்கிராமத்தில் குறை அதிகம் என்று சொல்லாது. தாய் தந்தையர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பாட்டியிடம் குழந்தைகள் வளரும் ஓர் ஊரில் பேச்சு வளர்ச்சி குன்றியிருந்தால், அங்கே தேவைப்படுவது சத்துமாவுப் பொட்டலம் அன்று, மையம் மாலை வரை திறந்திருப்பது. இன்னொன்று: வளர்ச்சி குறைந்த குழந்தைகளைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி கணக்கில் கூடினால் பணியாளரைத் திட்டும் மேலதிகாரி இருக்கும் இடத்தில், குறைவது புள்ளிகள் மட்டுமே.

கேள்வி: எங்கள் மையத்தில் பல குழந்தைகள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகின்றன. தமிழில் கேட்டால் பதில் இல்லை. பேச்சுத் தாமதம் என்று எழுதலாமா?
– அங்கன்வாடிப் பணியாளர், தளி

பதில்: எழுத வேண்டாம், அம்மா. வீட்டு மொழியில் தாயையே கேட்கச் செய்யுங்கள். அதிலும் பதில் இல்லை, கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் காட்டினால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வீட்டு மொழியைப் பதிவேட்டில் தனியே குறித்துவையுங்கள். இல்லையேல் தளி முழுவதும் பேச்சுக் குறையுள்ள பகுதியாகக் கணக்கில் ஏறி, கன்னடம் அறிந்த பணியாளரை அனுப்ப வேண்டிய இடத்துக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வந்து நிற்பார்.