தறிக்கூட வீடியோவில் கருப்புப் பட்டைகள்: சென்சார் பழுதில்லை

1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்த தறிக்கூட வீடியோவில் பட்டைகள் தெரிவதால், கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பழுதா என்று கேட்டிருந்தீர்கள். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியிலிருந்து 1/100 நொடிக்குக் குறைத்துவிடுங்கள், அதாவது ஒவ்வொரு படமும் ஒளி பெறும் நேரம் கூடட்டும். சோமனூர் விசைத்தறிக் கூடத்தில் நீங்கள் எடுத்த வீடியோவில் கிடைமட்டமாக ஊர்ந்து செல்லும் கருப்புப் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். சென்சாரை மாற்றச் செலவு செய்ய வேண்டாம்.

சிமாஸ் (CMOS) என்னும் வகைச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து, அங்கேயே மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆனால் பெரும்பாலான கேமராக்களில் எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் ஒளியைப் பெறுவதில்லை, மேல்வரிசை முதலில், அடுத்தது சற்றுப் பின்னர் என்று வரிசைவரிசையாகவே பெற்றுப் படிக்கப்படுகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாதாரண சோக் பொருத்திய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. 1/500 நொடி அந்தத் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒளி மங்கிய வேளையில் திறந்திருந்த வரிசைகளே உங்களுக்குப் பட்டையாகத் தெரிகின்றன. 1/100 நொடியில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைத்துவிடும்.

உறுதி செய்துகொள்ள, அதே 1/500 அமைப்பில் கூடத்து வாசலுக்கு வெளியே வெயிலில் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். அங்கேயும் பட்டை வந்தால் மட்டுமே சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: 1/100 நொடியில், தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு பாய்ந்தோடும் நாடா கலங்கலாகத்தான் பதியும். நாடா தெளிவாக வேண்டுமென்றால், விளக்குகளை அணைத்துவிட்டு, சன்னலோரத் தறியைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது. சில எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிப்பதால், அவற்றின் கீழ் 1/100 பலிக்காமலும் போகலாம்.