காரிலிருந்து அவன் இறங்கவே இல்லை

அன்புள்ள அக்கா,

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆறேழு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் என்று வைத்துப் படிக்கிறோம். எல்லாம் த்ரில்லரும் பேய்க்கதையும்தான். வேறெதைக் கொடுத்தாலும் பாதிப் பேர் முடிப்பதில்லை. கடைசியாகப் படித்தவை மூன்று: கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்', ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி', ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'.

டீக்கடையில் பேச உட்கார்ந்தால் இரண்டே கேள்விதான். "முடிவைக் கண்டுபிடிச்சியா?" "பயந்தியா?" 'கான் கேர்ள்' படித்த ஒருவர், "அம்பதாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு, சுமார்தான்" என்றார். 'ஹில் ஹவுஸ்' பற்றி ஏகமனதான தீர்ப்பு: ஒண்ணுமே நடக்கல, பேயே வரல. ஒரு தோழி 'பெட் செமட்டரி'யைப் பாதியில் மூடிவிட்டார். அவருக்கு இரண்டு வயதில் பையன் இருக்கிறான். "நல்லா இருக்கு, என்னால முடியல" என்றார். எல்லோரும் கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ எங்கள் கூட்டத்தில் அவர்தான் சரியாகப் படித்தவர் என்று பட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த மாதிரி நாவலை எதை வைத்து நல்லது, மோசம் என்பது? அடுத்து எதைப் படிக்கலாம்? மூன்றையும் முடித்துவிட்டேன், தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கொடுத்த தைரியத்தில் எல்லா முடிவுகளையும் போட்டு உடைக்கப்போகிறேன். இந்த நாவல்களை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

உங்கள் கேள்விக்கு நான் அறிந்த சிறந்த பதிலைச் சொன்னவள் ஒரு கொலைகாரி. கிங்கின் 'மிசரி' (1987) நாவலில் வரும் ஆனி வில்க்ஸ். பால் ஷெல்டன் என்ற எழுத்தாளர் பனிப்புயலில் காரோடு கவிழ்ந்து இரண்டு காலும் நொறுங்கிக் கிடக்கிறார். முன்னாள் நர்ஸான ஆனி அவரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் அடைத்து வைக்கிறாள். அவருடைய தீவிர ரசிகை. அவர் வரிசையாக எழுதிவந்த நாவல்களின் நாயகி மிசரியைக் கடைசிப் புத்தகத்தில் சாகடித்துவிட்டார் என்று தெரிந்ததும், ஒரு பழைய டைப்ரைட்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, அவளை மறுபடி உயிரோடு கொண்டுவா என்கிறாள். (வாசகர் கடிதங்களை நான் கொஞ்சம் பயத்தோடு பிரிப்பதற்கு இந்த நாவலும் ஒரு காரணம். உங்களைச் சொல்லவில்லை.)

பால் அவசரத்துக்கு ஓர் அத்தியாயத்தைத் தட்டுகிறார். முந்தைய புத்தகத்தில் நடந்ததைச் சத்தமில்லாமல் மாற்றி அவளைப் பிழைக்கவைத்துவிடுகிறார். ஆனி படித்துவிட்டு, இது ஏமாற்று வேலை என்கிறாள். பிறகு தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்கிறாள். வாரா வாரம் தியேட்டரில் தொடர்படம் காட்டுவார்களாம். நாயகன் ராக்கெட் மேன். ஒரு வாரம் அவன் மாட்டிக்கொண்ட கார் மலை விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து விழுந்து தீப்பிடிக்கிறது. அடுத்த வாரம் வரை அவளுக்கு அதே நினைப்பு. போய் உட்கார்ந்தால், கார் விழுவதற்கு முன்பே அவன் வெளியே குதித்துவிட்டதாகக் காட்டுகிறார்கள். தியேட்டரே கைதட்டுகிறது. குட்டி ஆனி மட்டும் எழுந்து நின்று கத்துகிறாள்: போன வாரம் அவன் காரிலிருந்து இறங்கவே இல்லையே!

இதே ராக்கெட் மேன் இன்னொரு வாரம் விமானத்தில் மாட்டி, சீட்டுக்கு அடியில் பாராசூட்டைக் கண்டெடுத்துத் தப்பிக்கிறான். அது நம்பும்படி இல்லைதான், ஆனால் நியாயமாக இருந்தது என்கிறாள் ஆனி. அவள் உண்மை வாழ்க்கையைக் கேட்கவில்லை. காட்டியதை அழித்து எழுதாதே என்று மட்டும் கேட்கிறாள். அவள் சொல்வது சரி என்று பாலுக்கே தெரிகிறது. அடுத்த முறை நேர்மையாக உட்கார்ந்து வழி தேடுகிறார். மிசரி செத்ததும் புதைத்ததும் அப்படியே நிற்கின்றன. தேனீ கொட்டியதால் செத்ததுபோல் கிடந்தவளை உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்று கதை நகர்கிறது. கைதியாகக் கிடந்து எழுதும் அந்த மனிதர் தன்னை அறியாமல் நல்ல நாவலாசிரியர் ஆகிவிடுகிறார்.

வார இதழ்த் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ஆனியின் கோபம் நன்றாகவே புரியும். கதவு மெல்லத் திறக்கும், கையில் பளபளவென்று ஏதோ மின்னும், 'தொடரும்' போட்டுவிடுவார்கள். ஏழு நாள் காத்திருந்து வாங்கிப் பிரித்தால் உள்ளே வந்தவர் டார்ச்சோடு மாமனார்.

'கான் கேர்ள்' (2012) பற்றி உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். காணாமல்போன மனைவி ஏமியின் டைரி பொய், கணவன் நிக்கைக் கொலைகாரனாக்க அவளே ஜோடித்தது என்பது புத்தகத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பாதி நாவல் பாக்கி இருக்கிறது. தன் ரகசியத்தை நட்டநடுவில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு மேலே நடக்கிற எழுத்தாளரிடம் போய், நான் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி என்ன பயன்? கேட்க வேண்டியது வேறு: டைரியைத் திரும்பப் படித்தால் அது தாங்குகிறதா? தாங்குகிறது. போலீஸ் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட டைரி அது, அந்தச் செல்லம் கொஞ்சும் தொனி இரண்டாம் முறை படிக்கையில் எரிச்சலூட்டும். எனக்கு உறுத்துவது நிக்கின் பக்கம். நம்மிடம் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆள், தனக்கு ஒரு காதலி இருப்பதைப் பல அத்தியாயங்கள் மறைத்துவிடுகிறான். போலீஸிடம் இது என் ஐந்தாவது பொய் என்று எண்ணிச் சொல்லி நம்மை ஃப்ளின் முன்னமே உஷார்ப்படுத்தியிருப்பதால் விட்டுவிடலாம். ஆனி விடுவாளா, தெரியாது.

இப்போது உங்கள் தோழி. அவர் எந்த இடத்தில் மூடினார் என்று நீங்கள் எழுதவில்லை. பட்டம் விடும் அத்தியாயமாக இருக்கும் என்று என் ஊகம்.

'பெட் செமட்டரி'யில் (1983) லூயிஸ் க்ரீட் என்ற டாக்டர் குடும்பத்தோடு மெய்ன் மாநிலத்தின் லட்லோவுக்குக் குடிவருகிறார். வீட்டு வாசலில் டேங்கர் லாரிகள் பறக்கும் சாலை, பின்னால் காட்டுக்குள் ஊர்ப் பிள்ளைகள் செல்லப்பிராணிகளைப் புதைக்கும் இடம், அதையும் தாண்டி, புதைத்தவை திரும்பி வரும் வேறொரு நிலம். நாவலின் நடுவில், காற்றடிக்கும் ஒரு மார்ச் நாளில், லூயிஸ் தன் சின்ன மகன் கேஜுக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுக்கிறார். கழுகு வடிவப் பட்டம். நூலைப் பையன் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தானும் பிடித்துக்கொள்கிறார். பையன் மேலே பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைச் சொல்கிற வாக்கியத்துக்குள்ளேயே கிங் செருகிவிடுகிறார்: இன்னும் இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கப்போகாத கேஜ் சிரித்தான்.

எந்த முன்னேற்பாடும் கிடையாது. அத்தியாய முடிவுக்கு ஒத்திவைத்து 'தொடரும்' போடுகிற ஆசையும் கிடையாது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த தகவல், அவ்வளவுதான். கண்டுபிடிப்பதற்கு நம்மிடம் எதையும் மிச்சம் வைக்காமல் அந்தப் பையனோடு அத்தனை பக்கம் இருக்க வைக்கிறார். வாசலில் லாரி போகும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நாம் தலையைத் தூக்குகிறோம். சாவுக்குப் பிறகு இன்னும் கொடூரமான ஒரு பகுதி வருகிறது: சாலை ஓரத்தில் கடைசி நொடியில் லூயிஸ் பிள்ளையைப் பிடித்து இழுத்துவிடுகிறார், பையன் வளர்கிறான், படிக்கிறான், ஒலிம்பிக் நீச்சல் அணிக்கே போகிறான். நமக்கும் தெரியும் அது நடக்கவில்லை என்று, இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போகிறோம். ராக்கெட் மேனைக் காரிலிருந்து இறக்கிக் காட்டுகிற அதே வித்தைதான் இது. கிங் ஆசை காட்டிவிட்டு, பையனின் ரத்தம் நிரம்பிய குல்லாயை நீட்டித் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறார்.

அந்த நிலத்தின் விதியையும் கிங் மறைக்கவில்லை. புதைத்த பூனை திரும்பி வந்து நாறுகிறது, எலிகளைக் கிழித்துப் போடுகிறது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஜட், முன்பு ஒரு மனிதனைப் புதைத்தபோது என்ன வந்தது என்று விலாவாரியாகச் சொல்லிவிடுகிறார். எல்லாம் தெரிந்தும் லூயிஸ் மண்வெட்டியை எடுக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் எடுப்பேனோ என்று எந்தத் தாய்க்காவது ஒரு நொடி தோன்றினால் புத்தகத்தை மூடத்தான் செய்வாள். கடைசியில் பையன் கத்தியோடு வருகிற பகுதி எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அது சினிமா. பூர்வகுடிகளின் இடுகாடு என்று பழியை அந்தப் பக்கம் தள்ளுவதும் சோம்பேறித்தனம்.

கிண்டல் செய்தவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கிங் ஆரிங்டன் என்ற ஊரில் அப்படியொரு சாலையோரம்தான் குடியிருந்தார். மகளின் பூனை அங்கே அடிபட்டுச் செத்தது. சின்ன மகன் ஒருமுறை அந்தச் சாலையை நோக்கி ஓடினான். எழுதி முடித்த பிறகு, இது ரொம்ப அதிகம் என்று கையெழுத்துப் பிரதியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பழைய பதிப்பகத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டியிருந்ததால்தான் அது வெளியே வந்தது. எழுதியவரே மூடிவைத்த புத்தகத்தைத்தான் உங்கள் தோழியும் மூடியிருக்கிறார்.

'ஹில் ஹவுஸ்' (1959) மேல் உங்கள் கூட்டம் கொடுத்த தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பேய் வரவில்லை என்பது உண்மை. 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த படத்திலும் வராது, வீங்கிப் புடைக்கும் ஒரு கதவுதான் வரும். 1999இல் மறுபடி எடுத்தவர்கள் கிராஃபிக்ஸில் பேயைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் ஐம்பது பக்கத்தை உங்கள் நண்பர்கள் வேகமாகத் தள்ளியிருப்பார்கள். பேய் பங்களாவுக்கு நாயகி எலினர் எப்போது போய்ச் சேருவாள் என்று. எலினருக்கு வயது 32. அதில் 11 வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது. அம்மா செத்த பிறகு அக்கா வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள். பாதி விலை கொடுத்து வாங்கிய காரை எடுக்க அக்கா விடுவதில்லை, அதனால் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் சாப்பிடுகிற இடத்தில் ஒரு சிறுமி, அடியில் நட்சத்திரம் போட்ட தன் கிண்ணம் இல்லாமல் பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். விட்டுக்கொடுக்காதே என்று எலினர் மனதுக்குள் அவளைக் கெஞ்சுகிறாள்.

இதையெல்லாம் தாண்டி அந்த இரவுக்கு வாருங்கள். இருட்டில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. எலினர் தூக்கக் கலக்கத்தில் சொல்வது "வரேம்மா, வரேன்." பேய்க்கதைகளில் என்னை இந்த அளவுக்குக் கலங்கடித்த வரி வேறில்லை. தட்டுவது அம்மா இல்லை, அந்த வீடு என்று பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. இன்னும் பல பக்கங்கள் கழித்து அவளே சொல்கிறாள்: அம்மா செத்த இரவில் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள், நான் எழவில்லை. எழுந்துவிட்டு மறுபடி தூங்கிப்போனேனோ என்னவோ. நோயாளியைப் பார்த்துக்கொண்ட யாரிடமாவது கேளுங்கள், இந்தப் புத்தகத்தில் ஒன்றும் நடக்கவில்லையா என்று. ஆனியின் கணக்கிலும் இது தேறும். பேயைக் காட்டுகிறேன் என்று ஜாக்சன் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

அவருக்கு வாசகர் கடிதங்களும் புதிதில்லை. 1948இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் 'தி லாட்டரி' சிறுகதை வந்த கோடையில் 300க்கும் மேல் கடிதங்கள் வந்தன. அன்பாகப் பேசியவை 13, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கதை பிடிக்கவில்லை என்று எழுதியவர்களில் பெற்ற தாயும் உண்டு. கல்லெறிந்து கொல்லும் அந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள். பயந்தியா என்ற கேள்வி இவர்களுக்கு எழவே இல்லை.

அடுத்த மாதத்துக்கு ஐரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1967). சின்னப் புத்தகம். நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்ககம், வாய்ப்புத் தேடும் நடிகன், அவன் மனைவி, அன்பைக் கொட்டும் பக்கத்து வீட்டு வயதான தம்பதி. முடிவு இன்று ஊருக்கே தெரியும், ஆகையால் ஐம்பதாவது பக்க நண்பர் நிம்மதியாகப் படிக்கலாம். எந்த இடத்தில் லெவின் ஏமாற்றியிருக்கிறார் என்று அவரைத் தேடச் சொல்லுங்கள்.

தோழிக்கு அது வேண்டாம், முழுக்கக் கர்ப்பம் பற்றிய கதை. அவருக்கு 'மிசரி'யைக் கொடுங்கள். படம் பார்த்தவர் என்றால் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: படத்தில் சுத்தியல், புத்தகத்தில் கோடாரி.