‘பையன் ரொம்ப உஷார்’ என்பது பாராட்டா?

ஓசூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “என் தங்கை மகனைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரித்தார்கள். ‘பையன் ரொம்ப உஷார்’ என்று மெச்சித்தான் சொன்னேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. நான் சொன்னது தப்பா?”

தப்பில்லை அம்மா. ஆனால் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது.

பிறப்பிடம் பாரசீகம். ‘ஹோஷ்’ என்றால் சுயநினைவு, புத்தி. ‘ஹோஷ்யார்’ என்றால் விழிப்பும் புத்தியும் உள்ளவன். வசூல், ஜாமீன், ஜப்தி போல இதுவும் உருது பேசியவர்கள் வழியாக நம்மிடம் வந்தது. ஹுக்காவை உக்கா ஆக்கிய தமிழ் நாக்கு இதிலும் ‘ஹ’வை உதறிவிட்டது. பக்கத்து மொழிகளில் பொருள் வேறு பக்கம் போயிற்று. ‘ஹுஷாரில்லா’ என்று கன்னடர் சொன்னால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஓசூரில் நீங்களே கேட்டிருப்பீர்கள். தெலுங்கில் ஹுஷாரு என்றால் உற்சாகம்.

நம் பேச்சில் இது எப்போதும் ஓர் எதிராளியோடு வருகிறது. ‘பஸ்ஸில் பையை உஷாராப் பாத்துக்கோ’ என்றால் எங்கோ ஒரு பிக்பாக்கெட் இருக்கிறான். ‘போலீஸ் உஷார்’ என்று தலைப்பு வந்தால் ஏதோ ஆபத்து வருகிறது. ‘ரெண்டாயிரம் கூடச் சொல்லிப் பாத்தேன், ஆள் உஷாராயிட்டான்’ என்று தரகர் சொல்லும்போது எதிராளி அந்தத் தரகரேதான். ‘நம்ம பொண்ணு உஷாரு, யாரும் ஏமாத்த முடியாது’ என்று சொந்த வீட்டில் சொன்னால் நிம்மதியாக இருக்கும். அதையே நகை, சீர் என்று பேசிக்கொண்டிருக்கும் எதிர்த்தரப்பிடம் சொன்னால், ‘பையன் யாரிடம் உஷார்? நம்மிடமா?’ என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். போதாக்குறைக்குச் சென்னைப் பேச்சில் ‘உஷார் பண்ணிட்டான்’ என்றால் ஒரு பொருளைச் சுட்டுவிட்டான், இல்லை ஒரு பெண்ணை மடக்கிவிட்டான். அந்த வீட்டு இளசுகள் காதில் எது விழுந்ததோ!

இங்கே பொருந்தும் சொல் ‘கெட்டிக்காரன்’. அதற்கு எதிராளி தேவையில்லை. ‘விவரமான பையன்’ பரவாயில்லை, ஆனாலும் லேசாக அதே வாடை அடிக்கும். ‘கில்லாடி’ வேண்டவே வேண்டாம்.

பேச்சு இன்னும் முறியவில்லை என்றால் இன்றே போன் போடுங்கள். ‘கெட்டிக்காரன் என்றுதான் சொல்ல வந்தேன்’ என்று சொல்லி, அப்புறம் வீட்டுக்காக அவன் பொறுப்பாகச் செய்த ஏதாவது ஒரு காரியத்தை எடுத்துச் சொல்லுங்கள்.