கேள்வி பதில்: ‘கொழும்பு’ என்ற சொல்லில் எத்தனை அசை?

உயர்தரத்தில் யாப்பு படித்தபோது ‘தமிழ்’ ஒரே அசை என்று எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போது மொழியியல் பாடத்தில் அதே விடைக்குப் பிழை போட்டிருக்கிறார்கள், இரண்டு அசையாம். எது சரி?
(மாணவி, கொட்டாஞ்சேனை)

இரண்டும் சரி, தங்கச்சி. வெவ்வேறான இரண்டு அலகுகளுக்கு ஒரே பெயரைச் சூட்டியதால் வந்த வில்லங்கம் இது.

யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும் ஒற்றோடு (புள்ளி வைத்த மெய்யோடு) வந்தாலும் நேரசை. ஒரு குறிலுக்குப் பின்னால் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரையசை. ஒற்றுக்குத் தனிக் கணக்கில்லை. ஆகவே ‘தமிழ்’ ஒரே நிரை. மொழியியலாரின் அசை வேறு. அங்கே ஒவ்வோர் உயிரொலியும் ஓர் அசைக்கு உச்சி. எத்தனை உயிரோ அத்தனை அசை. த-மிழ், இரண்டு.

குழப்பம் வெகுநாள் கண்ணில் படாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. ‘பாடம்’, ‘வாழை’, ‘காற்று’ போன்ற சொற்களில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். குறிலுக்குப் பின்னால் இன்னொரு குறிலோ நெடிலோ வந்து நிரையாகும்போதுதான் பிசகும். ‘கொழும்பு’ என்பதையே பிரித்துப் பாருங்கள். யாப்பில் கொழும்/பு: நிரை நேர். இந்த அமைப்புக்கு இலக்கணம் வைத்திருக்கும் மாதிரிச் சொல், அதாவது வாய்பாடு, புளிமா. வெண்பாவின் ஈற்றுச் சீராக வந்தால் ‘பிறப்பு’ வாய்பாடு. மொழியியலில் கொ-ழும்-பு, மூன்று அசை.

போதாததற்கு அசைநிலை என்று மூன்றாவதும் இருக்கிறது. ‘மற்று’ போலப் பொருளின்றி நிற்கும் இடைச்சொல் அது. மேலே சொன்ன இரண்டுக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை.

வினாத்தாளில் சீர், தளை, வாய்பாடு என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் யாப்புக் கணக்கு. உயிரொலி, மெய்யொலி, உச்சி என்று வந்தால் மொழியியல் கணக்கு. ஆய்வுக் கட்டுரை எழுதும்போது ‘யாப்பசை’, ‘ஒலியசை’ என்று பிரித்து, முதற் பக்கத்திலேயே வரையறுத்துவிடுங்கள். வெறும் ‘அசை’ என்று எழுதிவிட்டு வாசிப்பவர் ஊகிக்கட்டும் என்று விடுவது நியாயமில்லை.

சிறுவர்களுக்கான சொல் விளையாட்டுச் செயலி செய்கிறோம். ‘கொழும்பு’ என்று தட்டினால் 8 எழுத்து என்கிறது. பிள்ளைகள் 4 என்கிறார்கள்.
(மென்பொருள் பொறியியலாளர், வெள்ளவத்தை)

பிள்ளைகள் சரி. அவர்கள் எண்ணுவது கொ, ழு, ம், பு. கணினி எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை: க, ொ, ழ, ு, ம, ், ப, ு. மொழியியலார் ஒருவரைக் கேட்டால் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலி) 7 என்பார்: க், ஒ, ழ், உ, ம், ப், உ.

திருத்துவது சுலபம். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணாமல் முன்னுள்ள மெய்யோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ‘ொ’ சில கோப்புகளில் ெ, ா என இரண்டு குறியாகப் பிரிந்து வரும். அப்போது குறியீடு 9 ஆகும், நீங்கள் வைத்திருக்கும் சொற்பட்டியலோடும் பொருந்தாது. அதனால் எண்ணுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். அடுத்தது ‘க்ஷ’. மேற்சொன்ன விதி அதை இரண்டாக எண்ணும், பார்ப்பவருக்கோ அது ஒன்று. அதற்கும் ‘ஸ்ரீ’க்கும் விதிவிலக்கு எழுதத்தான் வேண்டும்.

செயலியின் உதவிப் பக்கத்தில் ‘தமிழ் எழுத்து 247’ என்று மட்டும் போட்டால் இலக்கணம் படித்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தொல்காப்பியம் எழுத்து 30 என்று தொடங்கி, அவற்றைச் சார்ந்து வரும் சார்பெழுத்து மூன்றையும் தனியே சொல்கிறது. நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக்கி, அவற்றின் விரியை (உட்பிரிவுகளின் கூட்டுத்தொகையை) 369 என்கிறது. அவர்கள் ‘எழுத்து’ என்றது முதலில் ஒலியை. 247 என்பது உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனப் பள்ளியில் சொல்லித்தரும் கூட்டல். உங்கள் விளையாட்டுக்கு அது போதும். ‘நெடுங்கணக்கில் 247’ என்று எழுதுங்கள்.

‘தொடர்மொழி’ என்றால் பல சொல் சேர்ந்த தொடர்தானே? அப்படியானால் குற்றியலுகரம் (குறைந்து ஒலிக்கும் உகரம்) தொடர்மொழி ஈற்றில் வரும் என்று தொல்காப்பியம் சொல்வது விளங்கவில்லை.
(ஆசிரியர், தெமட்டகொடை)

நீங்கள் சொல்வது நன்னூலின் பொருள். அதன்படி ‘கொழும்புத் துறைமுகம்’ தொடர்மொழி. தொல்காப்பியத்தில் ‘மொழி’ என்றால் சொல். ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, அதற்கு மேற்பட்ட எழுத்துள்ளது தொடர்மொழி. ஒரே சொல்லாக நிற்கும் ‘கொழும்பு’ அங்கே தொடர்மொழிதான்; அதனாலேயே ‘பு’வின் உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது. ‘காசு’ ஈரெழுத்து என்றாலும் நெடிலை அடுத்து வருவதால் குறையும். ‘பசு’வில் இரண்டு காரணமும் இல்லை, உகரம் முழுதாக ஒலிக்கும்.