வாட்டில் காட்டைச் சோலையாக மாற்றுவது எப்படி?

கேள்வி: உதகை அருகே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. சரிவு முழுக்க இருபது வயது வாட்டில் (வெளிநாட்டு மரம், எங்கள் பக்கம் சீகை என்போம்), இடையில் சில கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்). கீழே ஓடை பிப்ரவரியிலேயே வற்றிவிடுகிறது. பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சோலைக் கன்றுகள் (இந்த மலைக்கே உரிய நாட்டு மரங்கள்) நடலாமா?

பதில்: சோலை மரம் நடுங்கள், ஆனால் தயவுசெய்து பொக்லைன் வேண்டாம். வேரோடு பிடுங்கிய சரிவு அடுத்த பெருமழையில் அப்படியே இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இனி அப்படிப்பட்ட மழையை எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

இன்னொரு காரணம் விதை. வாட்டில் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். வெயில் பட்டாலோ தீ வைத்தாலோ கம்பளம் விரித்ததுபோல் முளைக்கும். ஆகவே கழிவை எரிக்காதீர்கள். கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் மண்ணையும் பிடித்து நிறுத்தும்.

முதல் ஆண்டு மூன்றில் ஒரு பங்கு மரங்களை மட்டும், தரையை ஒட்டி அறுத்து எடுங்கள். எந்த இடைவெளியும் ஒரு மரத்தின் உயரத்தைவிட அகலமாக வேண்டாம். மிச்சமுள்ள வாட்டில்தான் சோலைக் கன்றுக்குக் குடை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்த வெளியிலுள்ள இளங்கன்று கருகிவிடும். கற்பூர மரம் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதால் கட்டையின் பட்டையை மண்மட்டம் வரை உரித்து, துளிரை விடாமல் ஒடிக்க வேண்டும். இலை வெள்ளிச் சாம்பல் நிறமாக இருந்தால் அது வேரிலிருந்தே கன்று விடும் வெள்ளி வாட்டில். அதை வெட்டுவதைவிட நிற்கும்போதே பட்டையை வளையமாக உரித்துக் காயவிடுவது மேல்.

வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்துக்கும் அதற்கென அமைந்த மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்.

நிலம் முழுவதும் மரம் நட வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நீலகிரியில் சோலைக்காடு மலை மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும்தான் இயல்பாக நிற்கும். திறந்த சரிவு புல்வெளிக்குரியது. ஓடைநீரைக் காப்பதில் புல்வெளிக்குப் பெரிய பங்குண்டு. உதகை அருகே கிளன்மார்கனில் நடந்த ஆய்வில், 1972இல் புல்வெளியில் கற்பூர மரம் வைத்த நீர்ப்பிடிப்புப் பகுதியில், நட்டு வெட்டும் முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. எனவே ஓடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கன்று நடுங்கள். மேல்சரிவில் வாட்டிலை மெல்லக் குறைத்து, பக்கத்திலுள்ள நாட்டுப்புல்லின் தூர்களைப் பிரித்து நட்டால் போதும்.

கன்று முக்கால் முழத்துக்குக் குறையாமல், நாற்றங்காலில் ஒரு குளிர்காலம் கடந்ததாக இருக்கட்டும். ஓர் அடி ஆழக் குழியில், ஆறடி இடைவெளியில், ஜூன் மழை பிடித்ததும் நடுங்கள். ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடிக்கும் முன் பனி வந்துவிடும். நிழலில் விக்கி, காட்டுச் செண்பகம், நாவல் வகைகள். பனி தாங்கும் காட்டுப் பூவரசும் (ரோடோடென்ட்ரான்) தவிட்டுக் கொய்யாவும் வெளி ஓரத்தில். ஒரே இனத்தை மட்டும் நடாதீர்கள். வறட்சியோ நோயோ வந்தால் மொத்தமும் போகும். காட்டுமாடு மிதிக்காமலிருக்க, அறுத்த வாட்டில் கழிகளாலேயே வேலி கட்டலாம்.

வாட்டில் நாற்றை மழையில் மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் கையால் வேரோடு பிடுங்குங்கள். இரண்டு மூன்று வயதில் பூக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஓராண்டு விட்டாலும் மண்ணில் புது விதை சேரும். அடுத்த பங்கு வாட்டிலை, முதல் இடைவெளியில் நட்ட கன்றுகள் இடுப்பளவு வந்த பிறகே எடுங்கள்.